கடற்கரைப் பட்டணத்துத் தினப்படிச் சேதிகள்



நான் கல்லூரியில் சரித்திரம் பயின்ற நாட்களில், தென்னிந்தியாவில் பிரெஞ்சுக்காரரின் ஆட்சியைப் பற்றி ஒரு கட்டுரை எழுதி வரும்படி எங்கள் பேராசிரியர் பணித்தார். நான் இரண்டு இரவு கண்விழித்து எழுதினேன். 1746-இல் சென்னைப் பட்டணம் பிடிபட்டதும், 1748-இல் புதுச்சேரி முற்றுகையிடப்பட்டதும், 1761-இல் அந்த நகரம் வீழ்ந்ததும் வரிசை தவறாமல் அதில் இடம்பெற்றன. தேதிகளில் ஒரு பிழையும் இல்லை. பேராசிரியர் கட்டுரையைத் திருப்பித் தந்தபோது கடைசிப் பக்கத்தின் அடியில் ஒரே ஒரு வினாவை எழுதியிருந்தார்: "இத்தனை சண்டை நடந்த ஊரில் ஜனங்கள் யாரும் குடியிருக்கவில்லையா?"

எனக்கு வெட்கமாகவும் இருந்தது. சிறிது கோபமாகவும் இருந்தது. ஊரில் ஜனங்கள் குடியிருந்திருப்பார்கள் என்பது தெரியும். அவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்பதை எங்கே போய்த் தேடுவது? பேராசிரியரிடமே கேட்டேன். அவர் நூல் நிலையத்திலிருந்து கனத்த புத்தகம் ஒன்றை எடுத்துக் கொடுத்து, "இதில் ஊர்வம்பு நிறைய இருக்கிறது, படித்துவிட்டு வா" என்றார். அன்று என் கைக்கு வந்தது ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு. அதைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேசப் போகிறேன்.

கடற்கரைப் பட்டணம் ஒன்றில் ஒரு நாள் என்னென்ன நடக்கும்? கப்பல் வரும், கப்பல் போகும். ஒரு வீட்டில் கல்யாணம். மற்றொரு வீட்டில் சாவு. அண்ணன் தம்பி பாகத்தகராறு. அரசாங்கத்தார் தமுக்கடித்து ஒரு புது உத்தரவைச் சொல்லுவார்கள்; ஊரார் அதைக் கேட்டு முணுமுணுப்பார்கள். கோயில் வாசலில் ஒரு சச்சரவு எழும்; கடைத்தெருவில் ஒரு வதந்தி கிளம்பும். மாலையில் திண்ணையில் கூடுவோர் இவற்றையெல்லாம் பேசித் தீர்த்துவிட்டு உறங்கப் போவார்கள். மறுநாள் விடிந்தால் முதல்நாட் பேச்சு மறைந்துபோகும். உலகத்து ஊர்களில் பெரும்பாலானவற்றின் கதை இப்படித்தான் காற்றோடு கலந்துபோயிற்று. 18-ஆம் நூற்றாண்டுப் புதுச்சேரி அவ்வாறு முற்றிலும் மறைந்துபோகவில்லை. அங்கே கடற்கரையிலும் கோட்டையிலும் கடைத்தெருவிலும் அன்றாடம் நடந்தவற்றைத் தம் வீட்டுக்கு வந்து குறித்து வைத்த மனிதர் ஒருவர் இருந்தார்.

ஆனந்தரங்கப் பிள்ளை 1709-ஆம் ஆண்டு சென்னையை அடுத்த பெரம்பூரில் பிறந்தவர். அவருடைய தந்தை திருவேங்கடம் பிள்ளை வர்த்தகர். தந்தையின் மைத்துனரான நைனியப்பப் பிள்ளை, புதுச்சேரியில் பிரெஞ்சுக் கும்பினியாரின் தலைமைத் துபாஷியாக இருந்தார். துபாஷி என்றால் இரு பாஷை அறிந்தவர் என்பது பொருள். ஆனால் அந்த வேலை மொழிபெயர்ப்போடு நிற்கவில்லை. நெசவாளரிடம் துணி கொள்முதல் செய்ய வர்த்தகரைத் திரட்டுவது, நவாபின் தர்பாருக்குக் கடிதம் எழுதுவது, ஊராரின் வழக்குகளைக் கவர்னரின் காதிற் போடுவது, கவர்னரின் கட்டளையை ஊராருக்கு எடுத்துச் சொல்வது ஆகிய எல்லாம் துபாஷியின் பொறுப்பு. அதிகாரமும் செல்வமும் தரும் பதவி அது. ஆபத்தும் அதில் உண்டு. 1716-ஆம் ஆண்டில் அன்றைய கவர்னரின் சினத்துக்கு ஆளாகி நைனியப்பப் பிள்ளை சிறைப்பட்டார். 1717-இல் சிறையிலேயே இறந்தார். அவருடைய மகன் குருவப்பப் பிள்ளை கடல் கடந்து பிரான்சுக்கே போய் நியாயம் கேட்டு, தந்தையின் பெயருக்கு நேர்ந்த களங்கத்தைத் துடைத்துத் திரும்பினார். நைனியப்பர் இறந்தபோது ஆனந்தரங்கருக்கு வயது எட்டு. ஆள்பவரின் முகம் மாறினால் ஒரு குடும்பம் என்ன ஆகும் என்பதை அவர் அந்த வயதிலேயே கண்டுவிட்டார். அவர் நாட்குறிப்பைப் படிக்கும்போது இந்தச் செய்தியை நாம் மறந்துவிடலாகாது.

1736-ஆம் ஆண்டு செப்டம்பர் 6-ஆம் நாள், தமிழ்க் கணக்கில் நள வருஷம் ஆவணி மாதத்தில், அவர் எழுதத் தொடங்கினார். காதால் கேட்டவற்றையும் கண்ணால் கண்டவற்றையும், கப்பல்களின் வரவையும் போக்கையும், ஊரில் நடக்கும் புதுமைகளையும் எழுதப் போவதாகத் தொடக்கத்திலேயே தெரிவிக்கிறார். அந்தத் திட்டத்தை ஏறத்தாழ 25 ஆண்டுக் காலம் கைவிடாமல் நடத்தினார் என்பதுதான் வியப்பு. சரித்திரம் எழுத வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை. வர்த்தகர் கணக்கு எழுதுவதுபோல அவர் நாட்களை எழுதி வைத்தார். தமிழ் வருஷம், மாதம், தேதி, கிழமை ஆகியவற்றோடு ஆங்கில மாதத்தேதியும் வரும். பிறகு, காலையில் யார் வந்தார், கவர்னர் என்ன கேட்டார், தாம் என்ன விடை சொன்னார் என்பன வரும்.

அவர் எழுதிய தமிழைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பண்டிதர் கைப்பட்ட தமிழன்று அது. வர்த்தகர் வீட்டிலும் சாவடியிலும் துறைமுகத்திலும் பேசப்பட்ட தமிழ். பாரசீகச் சொல்லும் போர்த்துகீசியச் சொல்லும் பிரெஞ்சுச் சொல்லும் தெலுங்குச் சொல்லும் அதில் கலந்து நிற்கும். சென்னை அவருக்குச் சென்னப்பட்டணம். கடலூரை அடுத்த ஆங்கிலேயர் கோட்டை அவருக்குத் தேவனாம்பட்டணம். வாக்கியங்கள் கடலலைபோல ஒன்றன்மேல் ஒன்றாக நீண்டு செல்லும். இலக்கணம் தேடுவோர் முகம் சுளிக்கலாம். 200 ஆண்டுகளுக்கு மேற்பட்ட காலத்துக்கு முன் நம்மவர் வாய்விட்டுப் பேசிய முறையைக் காது கொடுத்துக் கேட்க விரும்புவோருக்கு இதைப்போன்ற ஆவணம் வேறொன்று கிடைப்பது அரிது.

முதலில் கடற்கரைக்குப் போவோம். புதுச்சேரியில் அக்காலத்தில் கப்பல் கரையைத் தொட்டு நிற்க வசதியில்லை. கப்பல்கள் தொலைவில் நங்கூரம் பாய்ச்சி நிற்கும். ஆணியின்றிக் கயிற்றால் தைத்த பலகைகளால் ஆன சலங்குகள் அலைகளைத் தாண்டிச் சென்று ஆட்களையும் சரக்குகளையும் இறக்கும். அடிவானத்தில் பாய் தெரிந்ததும் ஊரே பரபரப்படையும். வருவது பிரெஞ்சுக் கப்பலா, பகைவர் கப்பலா? வெள்ளி வருகிறதா, ஓலை வருகிறதா? புதுக் கவர்னரை ஏற்றி வருகிறதா? கோட்டையிலிருந்து மரியாதைக் குண்டுகள் வெடிக்கும். கப்பலும் பதிலுக்கு வெடிக்கும். பிள்ளை அந்த வேட்டுகளை எண்ணிக் குறித்து வைப்பார். யாருக்கு எத்தனை வேட்டு என்பது அக்காலத்தில் சிறிய விஷயமன்று. அவருக்குச் சொந்தமாகவும் ஒரு கப்பல் இருந்தது. அதன் பெயர் 'ஆனந்தப் புரவி'. ஐப்பசியில் வாடைக்காற்றும் புயலும் தொடங்கும் முன் கப்பல்கள் இத்துறையை விட்டு அகல வேண்டும். அதற்குள் துணி மூட்டைகள் வந்து சேருமா என்ற கவலை, வர்த்தகர் அனைவரையும் ஆட்டி வைக்கும் கவலை. அரசியல் மாற்றங்களைப் போலவே பருவக்காற்றும் அந்த ஊரின் வாழ்வை நடத்தியது என்பதை நாட்குறிப்பு நமக்கு நன்கு உணர்த்துகிறது.

அவர் எழுதத் தொடங்கிய 1736-ஆம் ஆண்டிலேதான், ரூபாய் நாணயம் அச்சிடும் உரிமையை ஆர்க்காட்டு நவாப் தோஸ்த் அலியிடமிருந்து கவர்னர் டூமா பெற்றார். நான்கு ஆண்டுகள் கழித்து, 1740 மே மாதத்தில், மராத்தியர் படையெடுத்து வந்தனர். தாமல்செருவுக் கணவாயில் நவாப் போரில் மாண்டார். அவருடைய குடும்பத்தார் அடைக்கலம் நாடிப் புதுச்சேரிக் கோட்டை வாயிலுக்கு ஓடி வந்தனர். கதவைத் திறப்பதா, மூடுவதா? திறந்தால் மராத்தியரின் பகை வரும். டூமா திறந்துவிட்டார். பள்ளிப் புத்தகத்தில் இது இரண்டு வரி. நாட்குறிப்பிலோ, அகதிகள் வந்து குவிந்த ஊரின் கலக்கம் தெரிகிறது. போர் என்பது போர்க்களத்தோடு முடிவதில்லை. அடுத்த ஊரின் வாயிலிலும் வந்து நிற்கிறது.

இனி ஊருக்குள் நுழைவோம். 1743-ஆம் ஆண்டுக் குறிப்புகளில் நெஞ்சை நடுங்கச் செய்யும் செய்தி ஒன்று உண்டு. சுற்றுப்புறத்து ஏழை மக்களை வேலை தருவதாக ஆசை காட்டி அழைத்து வந்து, வீட்டில் அடைத்து, தலையை மழித்து, காலில் விலங்கிட்டு, இரவில் அடிமைகளாகக் கப்பலேற்றி அனுப்பிய கூட்டம் ஒன்று பிடிபட்டது. இந்துமாக் கடலில் பிரெஞ்சுக்காரர் குடியேறிய தீவுகளுக்கு அடிமைகள் தேவைப்பட்ட காலம் அது. பிள்ளை இதைக் கேள்விப்பட்டபடியே விரிவாக எழுதுகிறார். யார் யார் இதற்கு உடந்தை என்று ஊரில் பேசிக்கொண்டதையும் விடவில்லை. கும்பினியின் கணக்கேடுகளில் அடிமைகள் வெறும் எண்ணிக்கையாகத்தான் நிற்பார்கள். அவர்கள் எந்தச் சொல்லுக்கு மயங்கி எந்த வீட்டுக்குள் நுழைந்தார்கள் என்பதை ஊர்ப் பேச்சைக் குறித்து வைத்த ஒருவரிடமிருந்துதான் அறிகிறோம். என்னிடம் பேராசிரியர் "ஊர்வம்பு" என்று சொல்லிக் கொடுத்தது இதைத்தான் என்று உணர்ந்தபோது, நூல் நிலையத்தில் நான் சிறிது நேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

1745-ஆம் ஆண்டு அக்டோபரில் நடந்த மற்றொரு செய்தி. புதுச்சேரியில் கிறிஸ்தவ ஆலயத்தினுள்ளே ஒரு குறுக்குச் சுவர் இருந்தது. சாதிக் கிறிஸ்தவர் ஒரு புறமும் தாழ்த்தப்பட்ட வகுப்புக் கிறிஸ்தவர் மறு புறமும் இருந்து தொழுவதற்காக எழுப்பிய சுவர் அது. தாழ்த்தப்பட்டோர் திரண்டு குருமாரிடம் சென்று, எல்லோரும் ஒரே மதத்தினர் என்றால் இந்தச் சுவர் எதற்கு என்று கேட்டார்கள். அந்த வினாவுக்கு விடை சொல்ல இயலாத குரு, சுவரை இடிக்கச் செய்தார். உடனே மற்ற வகுப்பினரிடையே கொதிப்பு எழுந்தது. அவர்கள் கூட்டம் கூடியதும், வாதாடியதும், கவர்னர் வரைக்கும் செய்தி போனதும் குறிப்பில் வருகின்றன. எழுதிய பிள்ளை சுவரின் எந்தப் பக்கத்துக்காரருக்கும் உறவினர் அல்லர், அவர் வைணவர். சாதி வேற்றுமையில் அவர் காலத்தார் கொண்டிருந்த எண்ணமே அவருக்கும் இருந்தது என்பதை அவர் சொற்களே காட்டிக் கொடுக்கின்றன. ஆயினும் கேட்டவர்களின் கேள்வியை அவர் எழுதிவிட்டார். தாம் ஆதரிக்காத கேள்வியையும் எழுதி வைத்த காரணத்தால், அது இன்று நம் செவியில் விழுகிறது.

அதே 1745-ஆம் ஆண்டில் அன்றைய தலைமைத் துபாஷி கனகராய முதலியார், இளமையில் இறந்துபோன தம் மகனின் நினைவாக உழவர்கரையில் ஓர் ஆலயம் கட்டி, அதன் திறப்பு விழாவில் பெரு விருந்து நடத்தினார். அவர் கிறிஸ்தவர். ஆயினும் எல்லா வகுப்பாரையும் அழைத்து, அவரவர் வழக்கத்துக்கேற்பத் தனித்தனியே சமைப்பித்து உபசரித்தார். கவர்னர் டூப்ளேயும் மனைவியோடு வந்திருந்தார். விருந்தை வியந்து எழுதும் பிள்ளையின் எழுத்தில், இது எந்த மதத்தின் ஆசாரம் என்ற குத்தலும் ஒளிந்திருக்கிறது. அவர் முதலியாரின் போட்டியாளர் அல்லவா? சில மாதங்கள் சென்றதும், 1746 பிப்ரவரியில், முதலியார் காலமானார். சொத்து தம்பிக்கா, விதவைக்கா என்ற வழக்கு எழுந்தது. கவர்னர் அதை ஊர்ச் சாதித் தலைவர்களின் தீர்ப்புக்கு விட்டார். அவர்கள் கூடி ஆராய்ந்து, சொத்து தம்பியைச் சேர்வது என்றும், விதவைக்கு ஜீவனத்துக்கு வழி செய்வது என்றும் முடிவு சொன்னார்கள். கிறிஸ்தவக் குடும்பத்தின் வழக்கைப் பல வகுப்புத் தலைவர்கள் ஊர் வழக்கத்தை வைத்துத் தீர்த்தார்கள் என்பதைக் கவனியுங்கள். நாட்டுச் சட்டம் எழுத்தில் வருவதற்கு முன் ஊர் எவ்வாறு தன் வழக்குகளைத் தீர்த்துக்கொண்டது என்பதற்கு இதைக் காட்டிலும் தெளிவான சான்று வேண்டுமோ?

முதலியார் இறந்தபின் தலைமைத் துபாஷிப் பதவி யாருக்கு? ஊரெங்கும் இதே பேச்சு. கிறிஸ்தவர் ஒருவருக்கே தர வேண்டும் என்று குருமார் முயன்றனர். டூப்ளேயின் மனைவி புதுச்சேரியிலேயே பிறந்தவர், தமிழ் அறிந்தவர், அவர் பிள்ளைக்கு ஆதரவாக இல்லை. பல மாதப் போட்டிக்கும் பேச்சுக்கும் பின் அப்பதவி பிள்ளைக்கே வந்தது. இந்தப் பகுதிகளைப் படிக்கும்போது நாம் விழிப்பாக இருக்க வேண்டும். தம்மைப் புகழ்ந்தவர் சொல்லைப் பிள்ளை மறவாமல் எழுதுகிறார். தம் பகைவரின் குற்றங்களை ஒன்றுவிடாமல் அடுக்குகிறார். டூப்ளேயின் மனைவியைப் பற்றி அவர் எழுதுவதில் எவ்வளவு உண்மை, எவ்வளவு மனக்கசப்பு என்று பிரித்தறிவது எளிதன்று. சாட்சி சொல்பவர் வழக்கில் சம்பந்தப்பட்டவராகவும் இருந்தால், நீதிபதி எவ்வளவு கவனமாக இருப்பாரோ, அவ்வளவு கவனம் சரித்திரம் படிக்கும் மாணவருக்கும் வேண்டும்.

1746 செப்டம்பரில் லாபூர்தொனே சென்னப்பட்டணத்தைப் பிடித்தார். செய்தி வந்ததும் புதுச்சேரிக் கோட்டையில் வேட்டு முழங்கியது. அங்குள்ள வர்த்தகரைப் புதுச்சேரிக்குக் குடியேற்ற வேண்டும் என்று டூப்ளே விரும்பினார். அவர்களோ எளிதில் இசையவில்லை. வீடும் கடையும் கொடுக்கல் வாங்கலும் உள்ள ஊரை விட்டு யார்தாம் வர விரும்புவர்? கோட்டையைப் பிடிக்கலாம், அங்காடியைப் பெயர்த்துக் கொண்டு வர முடியாது.

இப்பொழுது, நாட்குறிப்பில் எனக்கு மிகவும் கடினமாகத் தோன்றிய இடத்துக்கு வருகிறேன். 1748 ஆகஸ்டில் ஆங்கிலக் கடற்படைத் தலைவர் பாஸ்கவன் பெரும் படையோடு வந்து புதுச்சேரியை முற்றுகையிட்டார். குண்டுகள் எங்கே விழுந்தன, யார் யார் மூட்டை முடிச்சோடு ஊரைவிட்டு வெளியேறினார்கள், கவர்னரின் முகம் எப்படியிருந்தது என்பதையெல்லாம் பிள்ளை எழுதிச் செல்கிறார். அந்த முற்றுகைக் காலத்தில், செப்டம்பர் மாதம், ஊரின் நடுவே இருந்த வேதபுரீசுவரர் கோயிலை இடித்துவிட்டார்கள். அடுத்திருந்த பாதிரிமாரின் ஆலயத்துக்கும் இக்கோயிலுக்கும் இடையே நெடுநாட் பிணக்கு இருந்தது. இரண்டு ஆண்டுக்கு முன், 1746-இலேயே, கோயிலுக்குள் அசுத்தம் நிறைந்த பானை எறியப்பட்ட செய்தியைப் பிள்ளை எழுதியிருக்கிறார். போரின் குழப்பம் நெடுநாள் ஆசையை நிறைவேற்றிக்கொள்ள வாய்ப்பாயிற்று.

ஊர்ப் பெரியவர்கள் பிள்ளையிடம் வந்து முறையிட்டார்கள். ஊரில் தமிழருள் அவரைவிடச் செல்வாக்குள்ளவர் இல்லை. ஆனாலும் அவரால் தடுக்க முடியவில்லை. வருந்துகிறார், டூப்ளேயின் மனைவியையும் குருமாரையும் குறை கூறுகிறார், ஊராரின் ஒற்றுமையின்மையையும் நொந்துகொள்கிறார். பதவியைத் துறந்துவிட்டு வெளியேறவில்லை. மறுநாளும் கோட்டைக்குப் போகிறார், கவர்னரிடம் பேசுகிறார், வீடு திரும்பி எழுதுகிறார்.

மாணவப் பருவத்தில் இதைப் படித்தபோது எனக்கு அவர்மீது கோபம் வந்தது. பேராசிரியரிடம் சென்று, "இவர் ஏன் எதிர்த்து நிற்கவில்லை?" என்று கேட்டேன். அவர் உடனே விடை கூறவில்லை. "நைனியப்பர் எங்கே இறந்தார்?" என்று என்னைத் திருப்பிக் கேட்டார். "சிறையில்" என்றேன். "பிள்ளைக்கு அப்போது வயது என்ன?" என்றார். "எட்டு" என்றேன். "அவரை மன்னிக்கச் சொல்லவில்லை, அவர் நின்ற இடத்தைப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்" என்றார். அன்றைக்கு அந்த விடை எனக்கு முழு நிறைவைத் தரவில்லை, இன்றைக்கும் தரவில்லை. அந்நியரின் அதிகாரத்துக்கும் தம் மக்களின் துயரத்துக்கும் நடுவே நின்று இரு பக்கத்து மொழியையும் பேசியவர் அவர். தம்மால் இயலாமற் போனதை மறைக்காமல் எழுதினார். மறைத்திருந்தால், அன்று ஊரார் பட்ட வேதனையையும் அவருடைய இயலாமையையும் இவ்வளவு அருகில் நின்று நாம் அறிந்திருக்க முடியாது.

மழையும் நோயும் சேர்ந்து ஆங்கிலேயரை அந்த அக்டோபரில் திரும்பிப் போகச் செய்தன. டூப்ளேயின் புகழ் உச்சிக்கு ஏறியது. ஆனால் 1754-இல் அவரைத் தாய்நாட்டுக்குத் திருப்பி அழைத்துக்கொண்டார்கள். அவரோடு பிள்ளையின் செல்வாக்கும் இறங்கிற்று; 1756-இல் பதவியும் போயிற்று. நோயும் கடனும் சூழ்ந்தன. எழுத்து மட்டும் நிற்கவில்லை. 1760-இல் ஆங்கிலேயர் மீண்டும் வந்து ஊரை வளைத்துக்கொண்டனர். உணவுப் பஞ்சம் வந்தது. தளபதி லாலி, உணவு போதாமையால் ஊர் மக்களைக் கோட்டைக்கு வெளியே துரத்தினார். 1761 ஜனவரி 16-ஆம் நாள் ஆங்கிலப் படை நகருக்குள் புகுந்தது. அதற்குச் சில நாட்கள் முன்னதாக ஆனந்தரங்கப் பிள்ளை கண்ணை மூடிவிட்டார். தாம் 25 ஆண்டு எழுதிய பட்டணம் இடிபட்டதைக் காணும் துன்பம் அவருக்கு நேரவில்லை. கோட்டையும் மாளிகைகளும் தரைமட்டமாயின. பாரிசு உடன்படிக்கையின்படி ஊர் பிரெஞ்சுக்காரரிடம் திரும்பி வந்தது 1765-ஆம் ஆண்டில்தான்.

கற்கோட்டை இடிந்தது, காகிதம் பிழைத்தது. பிள்ளையின் குடும்பத்தார் சில காலம் குறிப்பெழுதும் வழக்கத்தைத் தொடர்ந்தனர். பிறகு அந்த ஏடுகள் வீட்டில் உறங்கின. 1846-ஆம் ஆண்டில் கலுவா மோன்பிரேன் என்ற பிரெஞ்சுக்காரர் அவற்றைக் கண்டறிந்து பிரதி எடுத்தார். அரியேல் என்பவர் எடுத்த பிரதி பாரிசு நகரத் தேசிய நூல் நிலையத்தைச் சேர்ந்தது. சென்னை அரசாங்கத்தார் 1904 முதல் 1928 வரை 12 தொகுதிகளாக ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்டனர். தமிழ் மூலம் புதுச்சேரியில் 1948 முதல் தொகுதி தொகுதியாக அச்சேறத் தொடங்கியது. தமிழில் எழுதிய நூலைத் தமிழர் அச்சில் காண்பதற்கு முன் ஆங்கிலம் அறிந்தோர் படித்து முடித்துவிட்டார்கள் என்பது நாம் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி. நாவலாசிரியர் பிரபஞ்சன் இக்காலத்தை வைத்து எழுதிய 'வானம் வசப்படும்' என்னும் நாவல் 1995-இல் சாகித்ய அகாதெமிப் பரிசு பெற்றது. இவ்வாறு பழைய ஏடு புதிய இலக்கியத்துக்கும் விதையாயிற்று.

பிள்ளையோடு இந்த வழக்கம் முடிந்துவிடவில்லை. அதே புதுச்சேரியில் ஊர்க்காவல் தலைமையான நயினார் பதவியில் இருந்த இரண்டாம் வீரா நாயக்கர் என்பவர் 1778 முதல் 1792 வரை நாட்குறிப்பு எழுதியிருக்கிறார். பிரான்சில் மூண்ட புரட்சியின் அலை இந்தக் கடற்கரையில் வந்து மோதிய காலம் அது. ஒரு நூற்றாண்டில் ஒரே ஊரில் இத்தனை பேர் அன்றாடச் செய்தியை எழுதி வைத்தார்கள் என்றால், நம்மவருக்குச் சரித்திர உணர்வே இல்லை என்ற பழிச்சொல்லை நாம் சற்று நிதானித்தே ஏற்க வேண்டும்.

சென்ற முறை புதுச்சேரிக்குப் போயிருந்தபோது ரங்கப்பிள்ளை வீதிக்குச் சென்றேன். அவர் பெயரால் வழங்கும் அந்த வீதியில் அவர் வாழ்ந்த வீடு இருக்கிறது. கீழ்த்தளத்தில் சித்திர வேலைப்பாடமைந்த மரத்தூண்கள். மேல்தளத்தில் ஐரோப்பிய முறையில் கட்டிய தூண்கள். இரு மொழிக்கும் நடுவே நின்றவரின் வீடும் இரு முறைக்கும் நடுவே நிற்கிறது என்று எண்ணிக்கொண்டேன். அருகே அங்காடி. விலை கேட்பவரும், வண்டிக்கு வழிவிடச் சொல்லிக் கூவுபவரும், ஒரு கல்யாணத்தைப் பற்றிப் பேசியபடி நடக்கும் இரு பெண்களுமாக வீதி நிறைந்திருந்தது. பிள்ளை திண்ணையில் இருந்தால் இவற்றுள் எதை எழுதியிருப்பார் என்ற நினைவு எழுந்தது. எல்லாவற்றையும் எழுதியிருக்க மாட்டார். வேலைக்கு ஆசைப்பட்டுக் கப்பலேறியவர்களின் வீட்டார் அன்றிரவு என்ன பேசிக்கொண்டார்கள் என்பதை அவர் எழுதவில்லை. அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. சொத்தை இழந்த விதவை தன் வாயால் சொன்ன கதையும் நமக்குக் கிட்டவில்லை.

மாணவர்களே, உங்கள் ஊரிலும் மீன் ஏலம் போடும் துறை இருக்கலாம், உப்பளம் இருக்கலாம், புயலில் இடிந்த ஒரு தெரு இருக்கலாம், வழக்குத் தீர்த்த ஓர் ஆலமரத்தடி இருக்கலாம். அவற்றை அறிந்த முதியவர்கள் உங்கள் வீட்டிலேயே இருப்பார்கள். ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து, தேதியிட்டு, அவர்கள் சொல்வதைச் சொன்னபடியே எழுதி வையுங்கள். யார் சொன்னார் என்பதையும், நீங்கள் நேரில் கண்டதா, கேட்டதா என்பதையும் தவறாமல் குறியுங்கள். பெரியவர் வீட்டுத் திண்ணைச் செய்தியோடு கடைக்கோடி வீட்டுச் செய்தியையும் கேட்டு எழுதுங்கள். ஆனந்தரங்கப் பிள்ளை எட்டாத இடம் அது.

நான் அந்தக் கட்டுரையை மறுபடி எழுதினேன். இம்முறை அதில் தேதிகள் குறைவாக இருந்தன. இடிபட்ட சுவரும் உழவர்கரை விருந்தும் விலங்கு பூட்டிய கால்களும் அதில் வந்தன. பேராசிரியர் படித்துவிட்டுத் திருப்பித் தந்தார். பழைய வினாவின் கீழே, "குடியிருந்திருக்கிறார்கள்" என்று மட்டும் எழுதியிருந்தார்.